செய்யுள் பிறக்கும் இடத்தில் மாணவர்

திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் (1815–1876) செய்யுளைச் சொல்லிக்கொண்டு வர, மாணாக்கர் ஏட்டில் எழுதினர். இதனை உ.வே.சாமிநாதையர் தம் ஆசிரியர் வரலாற்றில் (1933, 1934) விரிவாகப் பதிந்துள்ளார். அதனை ஆய்வாளர் பலரும் மகாவித்துவானின் புலமைக்குச் சான்றாக மட்டுமே காட்டுவர். அது ஒரு பயிற்றுமுறையும் ஆகும் என்பது என் கருத்து. செய்யுள் பிறக்கும்பொழுதே அம்மாணாக்கர் அதனைக் கண்டனர். இன்றைய வகுப்பறையோ முடிந்த பனுவலையும் அதன் உரையையுமே தருகிறது.

திருவரங்கத்தில் வாலி நடத்திய ‘நேதாஜி’ கையெழுத்து இதழும், திருலோக சீதாராமின் ‘சிவாஜி’ இதழும் இளையோர்க்கு வேறொன்றை அளித்தன: அருகிலிருந்து படிக்கும் வாசகர். சுஜாதாவின் முதற்கதை 1953இல் ‘சிவாஜி’யில் வெளிவந்தது. அவர் பயின்றது இயற்பியல் என்பது தமிழ்த்துறையினராகிய நாம் சற்றே எண்ணிப்பார்க்க வேண்டிய செய்தி.

படைப்பிலக்கியத் தாள் இன்று பெரும்பாலும் மூன்று மணிநேரத் தேர்வில் முடிகிறது. மாணவர் எழுதிய கவிதையை மதிப்பீட்டாளர் ஒருவரே படிக்கிறார், அதுவும் மதிப்பெண்ணுக்காக. அகமதிப்பீட்டில் ஒரு பகுதியை முதல் வரைவுக்கும் திருத்திய வரைவுக்கும் ஒதுக்கலாம். துறைதோறும் கையெழுத்து இதழொன்றை நடத்தலாம். ஆசிரியரும் தம் வரைவை மாணவர்முன் எழுதி, அடித்து, திருத்தத் துணிதல் வேண்டும். அதற்குப் பாடத்திட்டக் குழுவின் ஒப்புதல்கூடத் தேவையில்லை.