பிச்சையா? பிழைப்பா?

ஒரு மனிதனுக்கு ரயிலிலோ ஆலை யந்திரத்திலோ அகப்பட்டுக் கால் போய்விட்டால் நம் ஜனங்கள் முதலில் கேட்பது, “போன ஜென்மத்தில் என்ன பாவம் செய்தானோ?” என்பதாகும். அடுத்துக் கேட்பது, “இனி இவனுக்கு யார் சோறு போடுவார்கள்?” என்பதாகும். “இனி இவன் என்ன வேலை செய்யலாம்?” என்று கேட்பவர் மிக அருமை. அந்தக் கேள்வியையே தொழிலாகக் கொண்டவர்தான் மறுவாழ்வு ஆலோசகர் என்பவர்.

வைத்தியர் புண்ணை ஆற்றிவிடுவார். ஆலோசகருடைய வேலை அதற்குப் பிறகுதான் ஆரம்பமாகின்றது. மீந்திருக்கும் பலம் எவ்வளவு, முன் தெரிந்த தொழில் எது, எந்தக் கருவியைச் சிறிது மாற்றினால் அதே தொழிலைச் செய்யலாம் என்று பார்க்கிறார். வீட்டாருக்குத் தைரியம் சொல்லுகிறார். வேலை கொடுப்பவனிடமும் போய்ப் பேசுகிறார்.

இது நடக்கக்கூடிய காரியமா என்பவர்கள் வேலூரைப் பார்க்கட்டும். டாக்டர் மேரி வர்கீஸ் அம்மையார் 1954-ல் மோட்டார் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு இரு கால்களும் செயலற்றுப் போனார். அப்படியிருந்தும் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ரண சிகிச்சை செய்தார். அவர் முயற்சியால் 1966-ல் அங்கு மறுவாழ்வு நிலையமே ஏற்பட்டது.

2011 ஜனக்கணக்குப்படி இந்தியாவில் உடற்குறை, மனக்குறை உள்ளவர்கள் சுமார் 2 கோடியே 68 லட்சம் பேர். சர்க்கார் உத்தியோகத்தில் 1995-ம் வருஷச் சட்டம் இவர்களுக்கு 3 சதவிகிதம் ஒதுக்கியது. 2016-ம் வருஷச் சட்டம் அதை 4 ஆக்கியது. ஆனால் சட்டம் தானாக நடந்து குக்கிராமத்துத் திண்ணைக்கு வருமா? உரிமையை எடுத்துச் சொல்லி, மனு எழுதிக் கொடுத்து, கூடவே வர ஓர் ஆள் வேண்டாமா?

“தர்மம் செய்வது தப்பா?” என்று சிலர் கேட்கலாம். பசித்தவனுக்குச் சோறு போடுவதை நாம் குறை கூறவில்லை. ஆனால் அவனை நாளைக்கும் அதே கோயில் வாசலில் கையேந்த வைப்பதால் கொடுத்தவனுக்குப் புண்ணியம் என்ற பேர் கிடைக்கலாமே ஒழிய, வாங்கினவனுக்கு மானம் கிடைக்காது. வேலையே செய்ய முடியாதவர்களைக் காப்பாற்றுவது சர்க்காரின் கடமை. அதுவும் பிச்சையல்ல, உரிமையேயாகும்.

ஆகவே, தாலுகா ஆஸ்பத்திரிதோறும் இப்படிப்பட்ட ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்பது நமது கோரிக்கை. அதுவரை, தோழர்களே, உங்கள் தெருவில் கால் இழந்தவனிடம் பூர்வ ஜென்மத்தைப் பற்றிப் பேசாதீர்கள், “உனக்கு என்ன வேலை தெரியும்?” என்று கேளுங்கள்.