பசிக்கு மறைவிடம் ஏது?

கோடை விடுமுறை வந்துவிட்டால் குடும்பத்தோடு பொழுதுபோக்குப் பூங்காவுக்குச் சென்று வருவது இன்று நடுத்தரக் குடும்பங்களுக்கு ஏறக்குறைய ஒரு கடமையாகவே ஆகிவிட்டது. சென்னையிலிருந்து வேளாங்கண்ணிக்குப் புறப்படும் திருப்பயணப் பேருந்துகூடத் திரும்பும் வழியில் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பூங்கா ஒன்றில் அரைநாள் நின்றுவிட்டே வீடு சேர்கிறது. அதில் தவறொன்றும் இல்லை. உழைத்துக் களைத்த மக்கள் ஒரு நாள் சிரித்துவிட்டு வரட்டும். அந்தப் பூங்காக்களில் இராட்சத இராட்டினத்திற்கு இடமுண்டு. செயற்கை அலைக்குளத்திற்கு இடமுண்டு. காது கிழிய ஒலிபெருக்கி வைத்து ஆடும் ஆட்டத்திற்கும் இடமுண்டு. பசித்து அழும் கைக்குழந்தையைத் தாயொருத்தி மடியிலிட்டுப் பால் கொடுக்க முற்பட்டால் மட்டும் இடம் இல்லாமல் போய்விடுகிறது.

"மறைவாகப் போய்க் கொடுங்கள்." இப்படிச் சொல்பவர் ஒருவரல்லர். சில வேளை பூங்காவின் காவலர் சொல்கிறார். சில வேளை பக்கத்து மேசையில் பரோட்டா உண்பவர் முகத்தைச் சுளித்துச் சொல்கிறார். பல வேளைகளில், சொல்ல வருத்தமாயிருப்பினும், அத்தாயின் மாமியாரோ கணவனோதான் சொல்கிறார்கள். மறைவிடம் என்று அவர்கள் சுட்டிக்காட்டும் இடம் எது? பெரும்பாலும் அது பெண்கள் கழிப்பறை. ஈரத் தரையும், வரிசையில் நிற்கும் கூட்டமும், நாற்றமும் நிறைந்த அந்த இடத்தில் ஒரு மனிதக் குழந்தை தன் உணவை உண்ண வேண்டுமாம்! அவ்வாறு சொல்பவர் தம் தட்டை எடுத்துக்கொண்டு அங்கே சென்று ஒரு கவளம் உண்டு காட்டுவாரா என்று கேட்கிறோம்.

"வீட்டிலிருந்து கிளம்பும்முன் கொடுத்திருக்கலாமே, திரும்பிச் சென்று கொடுக்கலாமே" என்போரும் உண்டு. இவர்கள் குழந்தையின் வயிற்றை அறியாதவர்கள். பிறந்து சில வாரங்களேயான குழந்தை ஒரு நாளில் 8 முதல் 12 முறை பால் குடிக்கும். காலை பத்து மணிக்குப் பூங்காவில் நுழைந்து மாலை ஆறு மணிக்கு வெளியேறும் குடும்பத்தின் குழந்தைக்கு, அந்த எட்டு மணி நேரத்தில் குறைந்தது மூன்று நான்கு முறையேனும் பாலூட்டியாக வேண்டும். ஆறு மாதம் நிறையாத குழந்தைக்குத் தாய்ப்பால் தவிர வேறெதுவும், வெயிற்காலத்தில் தண்ணீர்கூடத் தேவையில்லை என்று உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகிறது. அப்படியாயின், சித்திரை வெயிலில் அக்குழந்தையின் சோறும் நீரும் ஒன்றே; அது தாயின் மார்பில் மட்டுமே இருக்கிறது. வெளி உணவை உள்ளே கொண்டுவரக் கூடாதென்று பைகளைச் சோதிக்கும் பூங்காக்கள் உண்டு. அச்சோதனை எதிலும் சிக்காத உணவும் அது ஒன்றே.

தாயின் உடலும் கட்டளைக்குப் பணிவதன்று. குழந்தை சப்புகையில் ஆக்சிடோசின் என்னும் சுரப்பு ஊறிப் பாலை இறக்குகிறது. அச்சமும் கூச்சமும் படபடப்பும் அந்த இறக்கத்தைத் தடுக்கின்றன. யாரோ முறைக்கிறார்கள் என்று பதறும் தாய்க்குப் பால் இறங்கத் தாமதமாகிறது. குழந்தை இன்னும் வீறிட்டு அழுகிறது. இன்னும் பலர் திரும்பிப் பார்க்கிறார்கள். வேளை தவறினாலோ பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாய்க் கனக்கும். காய்ச்சல் வரை போவதும் உண்டு. ஒரு நாள் உல்லாசத்திற்கென்று பணங்கட்டி வந்தவளுக்கு இந்தத் தண்டனை எதற்காக?

நீர் விளையாட்டுப் பூங்காக்களின் நிலை இதனினும் மோசம். அங்கே சேலையோடு குளத்தில் இறங்க விடமாட்டார்கள். நைலான் உடையே அணிய வேண்டும். கொண்டுவராதவர்கள் வாடகைக்கு எடுக்க வேண்டும். நீரைத் தூய்மையாக வைத்திருக்கவும், நீளத் துணிகள் சறுக்குகளில் சிக்கி விபத்து நேராதிருக்கவும் அந்த விதி வேண்டியதே; அதை நாம் குறை கூறவில்லை. ஆனால் கழுத்துவரை இறுகிய ஈர உடையில் நிற்கும் தாய் எப்படிப் பாலூட்டுவாள்? அவளது துப்பட்டாவும் துண்டும் லாக்கரில் பூட்டிக்கிடக்கின்றன. சாவி கணவனிடம், கணவனோ மூத்த பிள்ளையோடு சறுக்கின் உச்சியில். குளக்கரையில் நிழலும் நாற்காலியும் உலர்ந்த துணியும் வைத்துக் கொடுக்க எவ்வளவு செலவாகும்? ஒரு சறுக்குக்குப் பூசும் வண்ணச் செலவில் ஒரு சிறு பங்கு போதும்.

"எல்லாம் சரி, ஆனால் நம் பண்பாடு என்று ஒன்று இருக்கிறதே" என்கிறார்கள். எந்தப் பண்பாடு? களத்துமேட்டிலும், சந்தையிலும், மூன்றாம் வகுப்பு இரயில் பெட்டியிலும், திருவிழாக் கூட்டத்தில் தேரின் நிழலிலும் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு பாலூட்டிய தாய்மாரின் மடியில் வளர்ந்ததல்லவா நம் பண்பாடு? அவர்களை எவரும் எழுந்து போகச் சொன்னதில்லை. கண்டவர்கள் கண்ணைத் திருப்பிக்கொண்டார்கள், அவ்வளவே. ஒலிபெருக்கியில் இரட்டைப் பொருள் பாட்டு முழங்க, செயற்கை மழையில் நனைந்து ஆணும் பெண்ணும் கூட்டமாய் ஆடும் இடத்தில் புண்படாத பண்பாடு, ஒரு குழந்தையின் பசியைக் கண்டு மட்டும் புண்படுகிறது என்றால், அதற்குப் பண்பாடு என்று பெயரிட நமக்கு மனமில்லை. பெண்ணின் மார்பை விளம்பரப் பலகையில் விற்பனைக்கு வைப்பதைப் பொறுத்துக்கொள்ளும் சமுதாயம், அது படைக்கப்பட்ட பயனுக்கே பயன்படுவதைக் கண்டு நாணுகிறது.

இந்த இடத்தில் நம்மவர் சிலர் 'கிறிஸ்தவ அடக்கம்' என்ற சொல்லை எடுத்து வருகிறார்கள். அடக்கம் உயர்ந்த நற்பண்பே. ஆனால் திருச்சபையின் கண்களுக்குப் பாலூட்டும் தாய் எப்படித் தெரிந்தாள் என்று பார்ப்போமா? உரோமை நகரில் திரஸ்தேவரே பகுதியிலுள்ள தூய மரியா ஆலயத்தின் முகப்பில், தெருவில் செல்வோர் அனைவரும் காணுமாறு இடைக்காலத்தில் பதிக்கப்பட்ட வண்ணக்கல் ஓவியம் ஒன்று இருக்கிறது. அரியணையில் அமர்ந்த அன்னை மரியா அதில் குழந்தை இயேசுவுக்குப் பாலூட்டுகிறார். மறைவான சிற்றாலயத்தில் வைத்த படமன்று அது. வீதிக்கு முகங்காட்டி நிற்பது. பெத்லகேமில் 'பால் குகை' என்றே பெயர் பெற்ற திருத்தலம் இருக்கிறது. பிள்ளை வரம் வேண்டுவோரும் பால் சுரக்க வேண்டுவோரும் இன்றும் அங்குச் செல்கிறார்கள். 1563-இல் திரெந்து பொதுச்சங்கம் திருவுருவங்களில் சிற்றின்பச் சாயல் கூடாதென்று விதித்தபின் இத்தகைய ஓவியங்கள் குறைந்தன என்பது உண்மையே. அந்த விதி ஓவியர்களுக்கு இடப்பட்டது. அழும் குழந்தையை வைத்திருக்கும் தாய்மாருக்கு அன்று. 2014 ஜனவரியில் சிஸ்டைன் சிற்றாலயத்தில் 32 குழந்தைகளுக்குத் திருமுழுக்கு அளித்தபோது, மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், பசித்த குழந்தைக்கு அங்கேயே பால் கொடுக்கலாம் என்று தாய்மாருக்குத் தயங்காமல் சொன்னார். மிக்கேலாஞ்சலோவின் ஓவியக் கூரையின்கீழ், திருவழிபாட்டின் நடுவில் தகுமென்றது, பஞ்சுமிட்டாய்க் கடை ஓரத்தில் தகாதென்று ஆகிவிடுமா?

அன்னாவை மேற்கோள் காட்டுவோரையும் நாம் அறிவோம். சாமுவேல் பால் மறக்கும்வரை அவள் ஆலயத்திற்குச் செல்லாமல் வீட்டிலேயே இருந்தாளாம். அதுபோல இன்றைய தாய்மாரும் இருக்கட்டுமாம். முதல் சாமுவேல் நூலை மறுபடி திறந்து பார்க்கட்டும். அன்னாவை வீட்டில் இருக்கச் சொன்னவர் எவருமில்லை. அவளே முடிவு செய்தாள். எல்கானா அவள் விருப்பத்திற்கு இசைந்தான். வீட்டிலிருப்பதும் புறப்படுவதும் தாயின் முடிவு என்பதற்கன்றோ அந்நிகழ்ச்சி சான்று?

கைக்குழந்தைக்கு இரங்குவோரும் நடக்கத் தொடங்கிய பிள்ளை பால் கேட்டால் இரங்குவதில்லை. "இவ்வளவு பெரிய பிள்ளைக்கு இன்னுமா?" என்ற கேள்வி அம்பாய்ப் பாய்கிறது. இரண்டு வயது வரையிலும், விரும்பினால் அதற்கு மேலும், பிற உணவோடு தாய்ப்பாலும் கொடுக்கலாமென்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் அறிவுரை. மருத்துவம் பிந்தி வந்து சொன்னதை விவிலியம் முந்தியே அறிந்திருந்தது: மக்கபேயரின் இரண்டாம் நூலில், ஏழு புதல்வரைக் கண்முன்னே இழந்த வீரத்தாய் தன் கடைசி மகனிடம், மூன்றாண்டுகள் அவனுக்குப் பாலூட்டியதை நினைவூட்டுகிறாள். சாவின் விளிம்பில் மகனுக்கு எடுத்துச் சொல்லத் தக்க பெருமையாக அது அவளுக்குத் தோன்றிற்று. பூங்காவின் இரைச்சலில் மிரண்டு, வெயிலில் வாடி, உறக்கமும் கெட்ட இரண்டு வயதுப் பிள்ளை தாயின் மடியைத் தேடுவது பசிக்காக மட்டுமன்று. அது தனக்குத் தெரிந்த ஒரே நிழலைத் தேடுகிறது. அதைக் கேலி செய்பவர்கள் அதே பிள்ளையின் கையில் கைப்பேசியைத் திணித்து அழுகையை அடக்குவதைக் குறை காண்பதில்லை.

பொழுதுபோக்குப் பூங்கா என்ற தொழிலையே பெரிதாக வளர்த்த அமெரிக்காவைப் பாருங்கள். 1971-இல் டிஸ்னி வேர்ல்ட் திறக்கப்பட்ட புளோரிடா மாநிலம், 1993-லேயே சட்டம் இயற்றிவிட்டது: தாய் இருக்க உரிமையுள்ள எந்த இடத்திலும், அது பொது இடமாயினும் தனியார் இடமாயினும், அவள் பாலூட்டலாம். அந்நாட்டில் இவ்வகைச் சட்டத்தை முதன்முதல் கொண்டுவந்த மாநிலங்களில் புளோரிடாவும் ஒன்று. அந்த டிஸ்னி வளாகத்தின் நான்கு பூங்காக்களிலும் குழந்தைப் பராமரிப்பு நிலையங்களும் இருக்கின்றன. அறையும் உண்டு, அறைக்கு வெளியே உரிமையும் உண்டு; விரும்பியதைத் தாய் தேர்ந்துகொள்கிறாள். ஸ்காட்லாந்தில் 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொது இடத்தில் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பால் கொடுப்பதைத் தடுப்பவரே குற்றவாளி. யார் வெட்கப்பட வேண்டும் என்பதை அச்சட்டம் சரியாகக் கண்டுகொண்டது.

நம் நாட்டில் ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்ல மாட்டோம். 2015 ஆகஸ்டில் தமிழக அரசு பேருந்து நிலையங்களில் தாய்மார் பாலூட்டும் அறைகளைத் திறந்தது நல்ல செயல். அவற்றுட் சில பின்னாளில் பூட்டிக்கிடந்ததும், சில பழைய பொருள்கள் வைக்கும் கிடங்காக மாறியதும் நாளேடுகளில் வந்த செய்திகள். 2025 பெப்ருவரியில் உச்ச நீதிமன்றம், பொதுக் கட்டடங்களில் இத்தகைய அறைகள் அமைய வேண்டுமென்று கூறியதோடு நில்லாமல், பெண்களின் மாண்பைக் குலைக்கும் வழக்கங்களைக் கைவிடுவது குடிமக்களின் கடமை என்பதை நினைவூட்டி, பொது இடத்தில் பாலூட்டுவதை எவரும் இழிவாக நோக்கலாகாது என்றும் உரைத்தது. நமக்கு இந்த இரண்டாம் பகுதியே முக்கியமானது. ஏனெனில் அறை ஒன்று கட்டிவிட்டால், "அதுதான் அறை இருக்கிறதே, ஏன் இங்கே உட்காருகிறாய்?" என்று தாயை விரட்ட ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது. முப்பது ஏக்கர் பூங்காவின் ஒரு கோடியில் அறை. மறுகோடியில் மூத்த பிள்ளையோடு வரிசையில் நிற்கும் தாய். அவள் என்ன செய்வாள்? அறை தாய்க்கு வசதியாக இருக்கட்டும், சிறையாக வேண்டாம்.

எதிர்வாதங்களுள் ஒன்றை மட்டும் நாம் மதிக்கிறோம். இன்று எல்லாக் கைகளிலும் ஒளிப்படக் கருவி இருக்கிறது. எந்தக் கயவன் எங்கிருந்து படமெடுத்து எங்கே பரப்புவானோ என்ற அச்சம் பொய்யன்று. முந்தானையின் காலத்தில் இந்த ஆபத்து இருந்ததில்லை. மனைவியை மறைவாகப் போகச் சொல்லும் கணவர்கள் பலர் வெட்கத்தால் அன்று, இந்த அச்சத்தாலேயே சொல்கிறார்கள் என்பதையும் ஒப்புக்கொள்வோம். ஆனால் திருடன் இருக்கிறான் என்பதற்காக வீட்டுக்காரனை வெளியேற்றுவது நீதியாகுமா? பாலூட்டும் தாயை இசைவின்றிப் படமெடுப்பதை இங்கிலாந்து 2022-இல் தனிக் குற்றமாக்கிற்று. நம் பூங்காக்களில் 'நீச்சல் உடையின்றிக் குளத்தில் இறங்காதீர்' என்று பத்தடிக்கு ஒரு பலகை வைக்கத் தெரிந்தவர்களுக்கு, 'பாலூட்டும் தாய்மாரைப் படமெடுப்போர் வெளியேற்றப்படுவர்' என்று ஒரு பலகை வைக்கத் தெரியாதா? காவலரின் சீழ்க்கை குழந்தையின் தாயை நோக்கி ஊதுவதற்குப் பதிலாக அந்தக் கைப்பேசியை நோக்கி ஊதட்டும்.

நம் பங்குகளில் சுற்றுலா ஏற்பாடு செய்யும் அன்பியப் பொறுப்பாளர்களும் மறைக்கல்வி ஆசிரியர்களும் இதில் செய்யக்கூடியது நிறைய உண்டு. ஐம்பது அறுபது நுழைவுச்சீட்டுகளை மொத்தமாக வாங்கும் குழுவின் சொல்லுக்கு எந்த நிர்வாகமும் செவிசாய்க்கும். முன்பணம் கட்டும்முன் நான்கு வரியில் ஒரு கடிதம் எழுதுவோம்: குழந்தைக்குப் பாலூட்டும் தாயை உங்கள் பணியாளர் எழுந்து போகச் சொல்வாரா? குளக்கரையில் நிழலும் இருக்கையும் உண்டா? அறை இருப்பின் அது கழிப்பறையிலிருந்து தனித்திருக்கிறதா, அதன் சாவி யாரிடம் இருக்கும்? பதிலைப் பெற்றுப் பங்கு அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டுப் பெயர்களைச் சேர்ப்போம். பதில் வராத பூங்காவுக்குப் பேருந்து போக வேண்டியதில்லை. மாமல்லபுரத்துக் கடற்கரைக்கு நுழைவுச்சீட்டு இல்லை.