பிறர் கடன் நம் வாசலில்



சவூதியிலும் துபாயிலும் ஆண்டுக்கணக்கில் உழைத்துச் சேர்த்த தொகையில் குடும்பத்திற்கென ஒரு கார் வாங்க விரும்புவோர், வட்டிக்கு அஞ்சி, ரொக்கம் கொடுத்துப் பழைய வாகனத்தை நாடுவது நம் இல்லங்களில் வழக்கம். நல்ல எண்ணந்தான். ஆனால், தமக்கெனக் கடன் வேண்டாமென்று ஒதுங்கிய அவர்களிற் சிலர், முன்னவர் அடைக்காத கடனோடு காரை ஓட்டி வந்துவிடுகிறார்களே, அதை என்னென்பது!

பழைய கார் வணிகர் பலர், காரை விலைக்கு வாங்கினாலும் தம் பெயருக்கு மாற்றிக்கொள்வதில்லை. மாற்றினால் செலவு, ஆர்.சி.யில் உரிமையாளர் எண்ணிக்கையும் ஒன்று கூடி, விலை இறங்கும். ஆகவே விற்பவரிடம் 29, 30 ஆகிய படிவங்களில் வெறும் கையொப்பத்தைப் பெற்றுக்கொண்டு, ஆள் வரும்வரை காத்திருக்கிறார்கள். அதுவரை அந்தக் கார் யாருடையது?

எனக்கு நேர்ந்ததையே சொல்கிறேன். விற்றுப் பணமும் பெற்று, மறந்தே போன காருக்காக விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலிருந்து அறிவிப்பு வந்தது. ஓட்டியவரை நான் கண்டதுகூட இல்லை. பெயர் என்னுடையது, காப்பீடோ காலாவதி! சட்டமும் என் பக்கம் இல்லை. பலர் கை மாறிய ஒரு காரைப் பற்றிய நவீன்குமார் – விஜயகுமார் வழக்கில், பதிவேட்டில் பெயருள்ளவரே உரிமையாளர், இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது.

இதற்கொரு வழி பிறந்திருக்கிறது. 2022 டிசம்பரில் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, 2023 ஏப்ரல் முதல் பழைய வாகன வணிகர் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும். அது 5 ஆண்டுகள் செல்லும். அத்தகையவரிடம் காரை ஒப்படைத்ததை முறைப்படி பதிவு அதிகாரிக்குத் தெரிவித்துவிட்டால், பொறுப்பு வணிகரைச் சேரும். எனவே விலையைக் கேட்குமுன் சான்றைக் கேளுங்கள். "அதெல்லாம் எதற்கு பாய், நம்பிக்கைதானே வியாபாரம்!" என்பவரிடம் ஸலாம் சொல்லிப் புறப்படுங்கள். நம் ஜமாஅத்துக்காரர் என்பது உறவுக்குப் போதும்; ஆர்.சி.க்குப் போதாது.

இனி அந்தக் கடனுக்கு வருவோம். கடனில் வாங்கிய காரின் ஆர்.சி.யில் கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர் பதிவாகியிருக்கும். "கடன் தீர்ந்தது" என்ற வங்கிக் கடிதத்தைக் காட்டினால் மயங்க வேண்டாம். உரிமையாளரும் வங்கியும் கையொப்பமிட்ட 35-ஆம் படிவம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சேர்ந்து, அந்தப் பதிவு நீங்க வேண்டும். பெயர் மாற்றத்திற்கு வாங்குபவர் 30 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பெயர் மாறும்வரை விலையில் ஒரு பகுதியைக் கையில் நிறுத்தி வைப்பதாக முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். நேர்மையான வணிகர் இதற்கு முகம் சுளிக்க மாட்டார்.

மீட்டர் காட்டும் கிலோமீட்டரையும் அப்படியே நம்பாதீர்கள். குறைவாக ஓடிய காரில் பிரேக் மிதியின் ரப்பர் தேய்ந்திருக்காது. உங்களுக்குப் பழக்கமான மெக்கானிக் ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். கடைக்காரர் காட்டும் மெக்கானிக் வேண்டாம்.

தாய்மார்களே, சகோதரிகளே! கார் வாசலில் வந்து நின்றதும் பிள்ளைகள் ஏறி அமர்வார்கள், அமரட்டும். நீங்கள் ஆர்.சி.யை வாங்கி, அதில் யார் பெயர் இருக்கிறதென்று பாருங்கள்.