உளி பிடித்தவன் பெயர் என்ன?

ஏழாயிரம்பண்ணைக்குத் தெற்கே, அதிகத் தொலைவில் இல்லை கழுகுமலை. சாமி கும்பிடப் போகிறவர்கள் போகட்டும். கும்பிடாத நம் தோழர்களும் ஒருநாள் அந்த மலைமேல் ஏறிப் பார்க்க வேண்டும் என்போம்.

பாறை முகத்தில் வரிசை வரிசையாகச் சமணத் தீர்த்தங்கரர் உருவங்கள்! எட்டாம் நூற்றாண்டில், பாண்டியர் ஆட்சியில் தொடங்கிய வேலை. பக்கத்திலேயே வெட்டுவான் கோயில். ஒரே பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டு வந்து, அடிப்பகுதி முடியாமலே நின்றுவிட்டது. ஏன் நின்றது? தந்தைச் சிற்பி பொறாமையால் மகனைக் கொன்றானாம்! கதை கட்டியவர்கள், கூலி நின்றதா, வேலை கொடுத்தவன் வீழ்ந்தானா என்று கேட்டார்களா?

உருவங்களின் அடியில் வட்டெழுத்துகள் உள்ளன. இன்னார் செய்வித்தது என்று அவை கூறுகின்றன. அந்த இன்னாரில் தச்சர் உண்டு, குயவர் உண்டு, கொல்லர் உண்டு; சமயம் போதித்த பெண்களான குரத்தியரும் உண்டு. உழைப்பாளி தன் பெயரை மலைமேல் ஏற்றியிருக்கிறான்! மகிழ்கிறோம். ஆனால் அது செய்வித்தவன் பெயர். செய்தவன் பெயர்?

அதே நூற்றாண்டில், கடல் கடந்து, இன்றைய குவாத்தமாலா நாட்டிலுள்ள பியத்ராஸ் நெக்ராஸ் என்னும் மாயர் நகரில், 795-இல் ஒரு கல் நாட்டினார்கள். மேலே அரசன், கீழே கட்டுண்ட கைதிகள். ஆணவச் சின்னந்தான், ஐயமில்லை. ஆயினும் அந்தக் கல்லிலேயே எட்டுச் சிற்பிகள் தங்கள் பெயரைப் பொறித்திருக்கிறார்கள்! வெற்றி அரசனுடையது, வேலை எங்களுடையது என்று எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

இதை ஏழாயிரம்பண்ணைத் தோழர்களிடம் ஏன் சொல்கிறோம்? 2021 பிப்ரவரி 12-இல் பக்கத்து அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்தது. இருபதுக்கும் மேற்பட்ட தொழிலாளர் மாண்டனர். ஊர் நினைவில் இன்று நிற்பது என்ன? எண்ணிக்கை! மருந்து செலுத்திய கை யாருடையது, திரி வைத்த கை யாருடையது என்று அடுத்த தலைமுறை கேட்டால் எதைக் காட்டுவோம்?

நிவாரணத்துக்கும் பாதுகாப்புக்கும் போராடுவது தனி; அதை விடப்போவதில்லை. இது இன்னொரு கோரிக்கை. போரில் விழுந்தவனுக்குப் பெயர் வெட்டி நடுகல் நாட்டிய நாடு இது. மருந்தறையில் விழுந்தவருக்கு ஏன் கூடாது?

ஊராட்சி மன்றம் தீர்மானம் போடட்டும். சங்கத் தோழர்கள் உண்டியல் ஏந்தட்டும். மாண்டவரின் பெயர், ஊர், வயது, செய்த வேலை நான்கும் கல்லில் ஏறட்டும். அடியில் ஒரு வரி, அந்தக் கல்லை வெட்டியவனுக்கு.