கூரைத் தண்ணீரும் சாணித் தண்ணீரும் சேரக் கூடாது!

கேள்வி: ‘‘எங்களிடம் இரண்டு கறவை மாடும் ஒரு கிடேரியும் இருக்கின்றன. மூன்று வருடங்களுக்கு முன்பு 30 அடி நீளம், 20 அடி அகலத்தில் இரும்புக் குழாய்களைக் காலாக நட்டு, இரண்டு பக்கமும் சரிவு வைத்துத் தகர ஷீட் போட்டுக் கொட்டகை கட்டினோம். மழை பெய்தால் இரண்டு ஓரத்திலும் தண்ணீர் கொட்டி, மாடு இறங்கி ஏறும் இடமெல்லாம் சகதியாகிறது. ஒரு பக்கத் தண்ணீர் கொழுந்தனார் காட்டுக்குள் போவதால் அவருக்கும் மனவருத்தம். கூரை ஓரத்தில் தாரை மாட்டலாம் என்றால், ‘மாட்டுக் கொட்டகைக்கு எதுக்கு வீண் செலவு?’ என்கிறார் வீட்டுக்காரர். செலவு செய்தால் பலன் உண்டா?’’

- திண்டுக்கல் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி

பதில்: பலன் உண்டுங்க சகோதரி. நம்மில் பலர் கூரைக்கும் காலுக்கும் கணக்குப் பார்க்காமல் செலவழிப்போம். கூரையிலிருந்து விழும் தண்ணீர் எங்கே போகும் என்பதை மட்டும் யோசிக்க மாட்டோம். நானும் அப்படித்தான் இருந்தேன். எங்கள் கொட்டகை கட்டி இரண்டாவது ஐப்பசியில், ஓரத்துக் கால் ஒன்று சாய்ந்து நின்றது. அதே மழைக்காலத்தில் நல்ல கறவையில் இருந்த மாட்டுக்கு மடிநோய் வந்து, ஒரு காம்பு அடைபட்டே போனது. மடிநோய்க்குப் பல காரணம் உண்டு. ஆனால், அந்த மாடு ராத்திரி முழுக்கச் சகதியில் படுத்துக் கிடந்ததை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

முதலில் உங்கள் கூரைக் கணக்கைப் பார்ப்போம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். உங்கள் கூரை 600 சதுர அடி, அதாவது சுமார் 55 சதுர மீட்டர். ஒருநாள் 5 சென்டிமீட்டர் மழை பெய்தால், ஏறக்குறைய 2,750 லிட்டர் தண்ணீர் அந்த இரண்டு ஓரத்திலும் விழுகிறது. குடம் குடமாக இவ்வளவு தண்ணீரைக் கொட்டகை வாசலில் யாராவது கொண்டுவந்து ஊற்றினால் சும்மா இருப்போமா?

இந்தத் தண்ணீர் செய்யும் வேலை மூன்று.

ஒன்று, கால்களின் அடிமண்ணை அரிக்கும். உயரத்திலிருந்து ஒரே கோட்டில் விழும் தண்ணீர், மண்ணைத் தோண்டிக்கொண்டே போகும். அடிக்கடி நனைந்து காயும் தரைமட்டத்தில்தான் இரும்புக் குழாய் முதலில் துருப்பிடிக்கும். கல்கால் நட்டவர்களுக்குத் துரு இல்லை என்றாலும், மண் இளகினால் கல்லும் சாயும்.

இரண்டு, மாட்டின் உடம்பைக் கெடுக்கும். சகதியில் நின்றுகொண்டே இருந்தால் குளம்பு ஊறி மெதுவாகும், புண் வரும். ஈர மண்ணும் சாணியும் மடியில் ஒட்டினால் காம்புத் துளை வழியே கிருமி ஏறும். ஈரச் சாணியில் ஈ பெருகும். வழுக்கி விழுந்த சினைமாட்டைத் தூக்கி நிறுத்தியவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும்.

மூன்று, எருவின் சத்தைக் கழுவிக்கொண்டு போகும். இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. கூரைத் தண்ணீர் எருக்குழியில் இறங்கினால், தழைச்சத்தும் சாம்பல் சத்தும் கரைந்து வெளியே ஓடிவிடும். கறுப்பாக ஓடும் அந்தத் தண்ணீர், நம் காசு கரைந்து ஓடுவதுதான். பக்கத்தில் கிணறு இருந்தால் அதுவும் கெடும்.

ஆகவே, தாரையை மழைநீர் சேமிக்கும் ஏற்பாடாக மட்டும் பார்க்க வேண்டாம். நல்ல தண்ணீரைச் சாணித் தண்ணீரோடு சேரவிடாமல் பிரிப்பதுதான் அதன் முதல் வேலை. சேமிப்பு என்பது கூடுதல் லாபம்.

எப்படி மாட்டுவது?

கடையில் விற்கும் ஆயத்தத் தாரைதான் வேண்டும் என்றில்லை. ஆறு அங்குல பி.வி.சி. குழாயை நீளவாக்கில் இரண்டாக அறுத்தால் போதும். கழிவுநீருக்குப் பயன்படும் கனம் குறைந்த குழாயே போதுமானது. நான்கு அங்குலக் குழாய் விலை குறைவு என்று வாங்காதீங்க. அடைமழையில் நிரம்பி வெளியே வழிந்துவிடும். 20 அடிக் குழாய் ஒன்றை அறுத்தால் 40 அடித் தாரை கிடைக்கும். உங்களுக்கு இரண்டு பக்கமும் சேர்த்து 60 அடி. இணைப்பில் அரை அடி மேலேறி உட்கார வேண்டும் என்பதால், இரண்டு குழாய் வாங்கிக்கொள்ளுங்க. மேல்பக்கத்துத் துண்டு, கீழ்ப்பக்கத்துத் துண்டின் உள்ளே உட்கார வேண்டும். மாறி வைத்தால் ஒழுகும்.

இரண்டரை அடிக்கு ஒன்றாக, பட்டை இரும்பை வளைத்துத் தாங்கிகள் செய்யச் சொல்லுங்க. ஒரு பக்கத்துக்கு 13 என்றால் மொத்தம் 26. தாங்கியை ஷீட்டில் முடுக்கக் கூடாது. ஷீட்டைத் தாங்கும் இரும்புச் சட்டத்தில்தான் வெல்டிங் வைக்க வேண்டும். ஷீட்டில் தொங்கவிட்டால், காற்றடிக்கும்போது தாரை ஷீட்டையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு போகும். கல்நார் ஷீட் போட்டவர்கள் அதை அறுக்கவோ துளையிடவோ கூடாது. அந்தத் தூசு நுரையீரலுக்குக் கெடுதல்.

பத்து அடிக்கு ஓர் அங்குலம் வாட்டம் கொடுங்க. உங்கள் 30 அடிக்கு மூன்று அங்குலம். கண்மட்டத்தை நம்பாமல், கொத்தனார் வைத்திருக்கும் டியூபில் மட்டம் பார்த்து, நூல் கட்டி மாட்டுங்க. வாட்டம் இல்லாத தாரையில் தண்ணீர் தேங்கிக் கொசு வளரும். ஷீட்டின் நுனி தாரைக்குள் இரண்டு அங்குலம் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். உயரமான முனையை மூடியால் அடைத்து, தாழ்வான முனையில் மூன்று அங்குலக் குழாயைக் கீழே இறக்குங்க.

தண்ணீரை எங்கே விடுவது?

கீழே இறங்கும் குழாயின் முனையில் ஒரு வளைவை ஒட்டாமல் செருகி வையுங்க. மழை தொடங்கிய முதல் கால் மணி நேரம் அதை வெளியே திருப்பிவிட்டால், கூரைத் தூசும் பறவை எச்சமும் போய்விடும். பிறகு தொட்டிக்குத் திருப்பலாம். நம் மாநிலத்தின் ஆண்டுச் சராசரி மழை 900 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். அந்தக் கணக்கில் சேதாரம் போக, உங்கள் கூரையிலிருந்து வருடத்துக்கு 40,000 லிட்டர் வரை கிடைக்கும். அவ்வளவையும் பிடித்து வைக்க நம்மிடம் தொட்டி இருக்காது. கொட்டகை கழுவவும் மாட்டைக் குளிப்பாட்டவும் ஒரு தொட்டி போதும். வழியும் தண்ணீரைத் தென்னைக்கோ முருங்கைக்கோ விடுங்க. தொட்டியின் வாயை வலையால் மூடி வையுங்க, திறந்து கிடந்தால் டெங்கு கொசு முட்டையிடும். ஆழ்துளைக் கிணற்றுக்குள் நேராக மட்டும் விட்டுவிடாதீங்க. ஜல்லி, மணல் போட்ட வடிகட்டும் குழி இல்லாமல் விட்டால் கிணறு கெட்டுப்போகும். அந்தக் குழியும் எருக்குழியிலிருந்து தள்ளி, மேட்டுப் பக்கம் இருக்க வேண்டும்.

ஓலைக் கூரை போட்டவர்களுக்குத் தாரை சரிவராது. அவர்கள் கூரைத் தண்ணீர் விழும் கோட்டில் ஓர் அடி அகலம், அரை அடி ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டி, ஜல்லி நிரப்பி, கொட்டகையை விட்டு வெளியே வாட்டம் கொடுத்தால் போதும். கூரைத் தண்ணீர் விழும் இடம் ஏற்கெனவே கெட்டித் தரையாக இருந்து, தானாகவே வெளியே வடிந்துவிட்டால், யாருக்கும் தாரை அவசரம் இல்லை.

கையில் காசு குறைவு என்றால் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் செய்ய வேண்டியதில்லை சகோதரி. முதலில் கொழுந்தனார் காட்டுப் பக்கம் மாட்டுங்க. கீழே இறங்கும் குழாயைக் கொட்டகை முனையில் திருப்பி, தண்ணீரை உங்கள் நிலத்துக்கே கொண்டுவந்துவிடுங்க. நம் கூரைத் தண்ணீர் அடுத்தவர் நிலத்தில் விழக் கூடாது என்பது நியாயம். அவர் வாய்விட்டுச் சண்டைக்கு வரும் முன்பே நாம் செய்துவிட்டால் உறவுக்கும் நல்லது. மாடு இறங்கி ஏறும் பக்கத்துக்கு, இந்த வருடம் மேலே சொன்ன ஜல்லி வாய்க்கால் போதும். அடுத்த வருடம் தாரை மாட்டிக்கொள்ளலாம்.

வீட்டுக்காரரிடம் வாதாட வேண்டாம். அடுத்த மழையில், ஓரத்துக் கால் ஒன்றின் அடிமண்ணைக் கையால் தோண்டிப் பார்க்கச் சொல்லுங்க. குழாயில் துரு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அவரே பார்க்கட்டும். ஒரு காலை மாற்ற வேண்டுமானால் முட்டுக் கொடுத்து, ஷீட்டை இறக்கி, மறுபடியும் ஏற்ற வேண்டும். அந்தச் செலவையும், தாரைச் செலவையும் ஒரே தாளில் எழுதிப் பாருங்க.

மாட்டிய பிறகு ஒரு வேலை உண்டு. புரட்டாசி கடைசியில் ஏணி வைத்து ஏறி, தாரையில் கிடக்கும் வேப்பிலை, புளியஞ்சருகை அள்ளிவிடுங்க. அடைமழை நடுவிலும் ஒருமுறை பாருங்க. அடைபட்ட தாரை, தாரை இல்லாததை விட மோசம். தண்ணீரெல்லாம் ஒரே இடத்தில் கொட்டி, அங்கேயே குழி பறித்துவிடும்.