காப்பாற்றியது யார்?

2025-ம் வருஷம் நவம்பர் மாதம் சேலத்திலிருந்து கிளம்பிய ஒரு சிறு பயிற்சி விமானம், புதுக்கோட்டை ஜில்லா நார்த்தாமலைக்குப் பக்கத்தில் திருச்சி - புதுக்கோட்டை ரஸ்தாவிலேயே அவசரமாய் இறங்கியது. உள்ளே இருந்தவர் இருவர், இருவரும் பிழைத்தனர். நம் நாட்டார் வாயில் உடனே என்ன வரும்? ஆண்டவன் காப்பாற்றினான் என்பதுதான். பக்கத்திலேயே முத்துமாரியம்மன் கோவில் வேறு இருக்கின்றது. கேட்கவா வேண்டும்! ஓட்டியவரின் பழக்கத்தையும், அகலமான ரஸ்தாவையும் யார் நினைக்கப் போகின்றார்கள்?

சரி, ஆண்டவனே காப்பாற்றினான் என்று வைத்துக்கொள்வோம். அதே வருஷம் ஏப்ரல் 22-ந் தேதி குஜராத்து அம்ரேலியில், தனியாய்ப் பறந்து பழகிய ஒரு வாலிபன் விமானம் விழுந்து மாண்டானே, அன்று அந்த ஆண்டவன் எங்கே போயிருந்தான்? குஜராத்தில் கோவிலுக்குப் பஞ்சமா? பிழைத்தால் தெய்வச் செயல், செத்தால் தலைவிதி என்றால், இந்த வியாபாரத்தில் தெய்வத்திற்கு நஷ்டமே கிடையாது போலும்!

வெம்பாக்கத்து நெசவாளத் தோழர்களை ஒன்று கேட்கின்றோம். தறியில் இழை அறுந்தால் சனீஸ்வரனுக்கு எள் விளக்கா ஏற்றுகிறீர்கள்? பாவு இறுகிவிட்டதா, அச்சில் உரசுகிறதா என்று பார்த்துப் பிணைக்கிறீர்களல்லவா? விமானமும் அப்படித்தான். பழகுகிறவனுக்கு இறங்குவதே கஷ்டமான பாடம். தரைக்குச் சில அடி உயரத்தில் மூக்கை மெதுவாய்த் தூக்கி, வேகத்தை அடக்கி, இறக்கைக்கடியிலுள்ள சக்கரங்களை முதலில் தொடவிட வேண்டும். வேகம் மிஞ்சினால் விமானம் பந்துபோல் எகிறும். பயந்து மூக்கை அழுத்தினாலோ முன்சக்கரம் மோதி முறியும். விசிறியும் தரையில் அடிபடும். எகிறினால் விசையைக் கூட்டி மேலே போய், ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி இறங்குவதே பரிகாரம். இதற்குப் புரோகிதர் வேண்டியதில்லை. நல்ல வாத்தியார் வேண்டும்.

ஆனால் 2019 அக்டோபர் 8-ந் தேதி பிரான்சில் ரபேல் யுத்த விமானத்தின் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்துப் பூசை போட்டவர் நமது ராணுவ மந்திரியே! விமானம் செய்தவன் பிரெஞ்சுக்காரன். பழம் மட்டும் நம்முடையது.

2023 அக்டோபரில் மராட்டியத்துப் பாராமதியில் ஒரே பள்ளியின் இரண்டு விமானங்கள் ஒரு வாரத்திற்குள் விழுந்தன. அப்பொழுது விமான இலாகா சாந்தி ஹோமம் செய்யவில்லை. அப்பள்ளியின் பயிற்சியையே நிறுத்தி வைத்தது. அதுவல்லவா காரியம்!

விமானியாய்ச் சம்பளம் வாங்க லைசென்சு வேண்டுமானால் 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதற்குப் பல லட்ச ரூபாய் செலவு. கடன் வாங்கிப் பிள்ளையை அனுப்புகிற தகப்பன், கோவிலுக்குப் போகுமுன் பள்ளிக்குப் போய் எந்த விமானம் எப்பொழுது பழுது பார்க்கப்பட்டது என்று கேட்கட்டும். விபத்து விசாரணை அறிக்கைகளெல்லாம் இங்கிலீஷில் வருகின்றன. அவற்றைத் தமிழிலும் போட்டால் சர்க்காருக்கு என்ன முழுகிப் போகும்?