குதிரை பழக்குந் தொழிலும் நம் இளைஞரும்

வைத்தியர், எந்திரி, கணக்காளர், நியாயவாதி என்னும் நான்குக்கப்பால் உத்தியோகமென ஒன்றுண்டென்று நம் கல்லூரி மண்டபங்களிற் பேசப்படுவது அரிது. குதிரை பழக்குவோனாக வர விரும்புகின்றேனென ஒரு மாணவன் சொல்வானாயின், “குதிரைக்காரனாகவோ?” என்னும் நகைப்பே அவனுக்கு விடையாகும். அந்நகைப்பு அறியாமையின்பாற் பட்டதென்பதே யாம் ஈண்டுக் கூறப் புகுந்தது.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியிற் பாண்டிநாட்டைக் கண்ட மார்க்கோபோலோ ஒரு செய்தியை வியந்து எழுதியுள்ளார். ஓர்முசு முதலிய துறைகளிலிருந்து கப்பலேறி வந்த குதிரைகளுள் ஆண்டுதோறும் 2,000க்கு மேற்பட்டவற்றை மன்னர் பெரும்பொருள் கொடுத்து வாங்கினார். ஆண்டு முடிவில் அவற்றுள் 100 கூட எஞ்சவில்லை. பேணத் தெரிந்தார் இங்கில்லை. சோற்றையும் இறைச்சியையும் சமைத்து ஊட்டினராம்! குதிரை வைத்தியர் எவரும் இந்நாடு வாராதபடி வணிகரே தடுத்தனரென்றும் அவர் கூறுகின்றார். மடிந்தாலன்றோ மறுபடியும் விற்கலாம்! பொன் கொடுத்துக் குதிரையை வாங்கினரேயன்றி, அதனைப் பேணும் கலையை வாங்கினாரல்லர்.

நெடுந்தீவின் நிலையும் ஏறக்குறைய இதுவே. போர்த்துக்கேயர் கொணர்ந்து, ஒல்லாந்தர் பெருக்கி, ஆங்கிலேயர் காலத்தில் நோலன் என்னும் படையதிகாரி மேற்பார்த்த குதிரைகளின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே கட்டின்றித் திரிகின்றன. பழைய லாயத்தின் தூண்கள் நிற்கின்றன, பழக்குவாரைக் காணோம்.

இக்கலைதான் யாது? சாட்டையால் அடக்குவதன்று. குதிரை பிற விலங்குக்கு இரையாகும் இனம். அஞ்சி ஓடுதல் அதன் இயல்பு. கண்கள் தலையின் இருமருங்கும் அமைந்தமையால் ஏறத்தாழச் சுற்றெங்கும் காணும். நேர் பின்புறமும் நெற்றிக்கு முன் சிறிதிடமுமே அதற்குத் தெரியா. ஓசையின்றிப் பின்னே அணுகுவோன் உதைபடுதல் குதிரையின் குற்றமாகாது. கடிவாளத்தை இறுக்குதலினும், குதிரை இணங்கிய அக்கணமே தளர்த்துதல் பெரிது. அத்தளர்வே அதற்குப் பரிசு. சிறிது தாமதிப்பின் அது வேறொன்றைக் கற்றுக்கொள்ளும். கிறித்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டிற் கிரேக்க நாட்டுச் செனபோன் இயற்றிய குதிரையேற்ற நூலும், சினத்தோடு குதிரையை அணுகலாகாதென்றே வற்புறுத்துகின்றது.

கற்கப் புகுவோன் முதலில் இலத்தி அள்ளவேண்டும். குளம்பைத் துப்புரவாக்கி, மேனி தேய்த்து, தீனியைச் சிறிது சிறிதாகப் பன்முறை இடவேண்டும். குதிரைக்கு வாந்தியெடுக்க இயலாதாகையாற் குடல்வலி அதற்குக் கூற்றாகும். அதன் குறியை முன்னரே கண்டறிய வேண்டும். இவ்வாறு ஆண்டுகள் பல கழிந்த பின்னரே ஒருவன் பயிற்றுநன் எனப்படுவான்.

விலங்கின் மனமறியும் இத்தகைய அறிவு நம்மவரிடை இல்லாததோ? ஒலுவிற் கரையை எடுத்துக்கொள்வோம். 2013இல் திறக்கப்பட்ட துறைமுகத்துக்குச் சரக்குக் கப்பல்கள் எதிர்பார்த்தவாறு வரவில்லை; வாயிலை மணல் தூர்த்தது; வடபுறக் கரையைக் கடல் அரித்தது. தொழில் வருமென்றிருந்த இளைஞர் வளைகுடா நாடுகளுக்கு ஏகுகின்றனர். இவர்தம் பாட்டன்மாரோ, உழவு இயந்திரம் வருமுன் அப்பகுதி வயல்களில் எருமைப்பட்டிகளைக் கொண்டு சேறு மிதிப்பித்தவர். எவ்வெருமை முன்செல்லும், எது மிரளும் என்பதை நடையிலேயே அறிந்தவனுக்குக் குதிரைப் பயிற்சியின் அரிச்சுவடி கைவந்ததென்பதே எம் கருத்து. அக்கரையோர முஸ்லிம் சகோதரருக்கும் இஃது அயலன்று. தமிழ்நாட்டு முஸ்லிம்களிடை வழங்கும் இராவுத்தர் என்னும் பெயரே குதிரைவீரரைக் குறித்ததாகும்.

ஆயினும் மயக்குரை பகர யாம் விரும்பிலேம். கொழும்புத் திடலிற் பந்தயம் 1956இல் நின்றது. நுவரெலியாச் சித்திரைப் பருவப் பந்தயம் பலருக்குச் சோறிடாது; பொலிசாரின் குதிரைப் பிரிவிலும் இடம் சிலருக்கே. சென்னைக் கிண்டித் திடலின் குத்தகையைத் தமிழ்நாட்டரசு 2024இல் இரத்துச் செய்தது. பந்தயத்தையே நம்பிய தொழில் ஓராணையில் ஆட்டங்காணும்; சூதோடு அதற்குள்ள உறவு சைவருக்கும் உவப்பன்று, முஸ்லிம்களுக்கும் உவப்பன்று. இத்தடை மெய்யானதே. ஆனால், குதிரையேற்றம் கற்பிக்கும் பள்ளிகளும், உடற்குறையுற்ற சிறார்க்குச் சவாரி மூலம் பயிற்சி தரும் நிலையங்களும் பல நாடுகளில் உள; அங்கெல்லாம் சூதுக்கு இடமில்லை.

குதிரை வந்த கடல்வழியே இன்று நம் இளைஞர் செல்கின்றனர். பெரும்பாலும் சாரதியாய், கூலியாளாய். கைத்திறன் பழகி, எழுத்து உடன்படிக்கையோடு செல்வோன் அங்குள்ள லாயங்களிற் படிப்படியாக உயர வழியுண்டு. வெறுங்கையோடு போவோன் இலத்தி அள்ளுவதோடே நின்றுவிடுவான்.

ஆதலின் பழைய மாணவரிடம் யாம் வேண்டுவது இது: யூபிலி நிதியிலிருந்து பல்கலைக்கழக மாணவருக்கு உபகாரச் சம்பளம் வழங்கும்போது, லாயத்தொழில் பழக விரும்பும் ஒருவனுக்கேனும் ஈராண்டுச் செலவை ஒதுக்குக. பேராதனைக் கால்நடை மருத்துவ பீடத்திற் பயின்ற நம்மவர், விடுமுறையில் ஒருநாள் வந்து விலங்கை அணுகும் முறையை மாணவர்க்குக் காட்டுக. வளைகுடாவில் வாழும் அன்பர்கள், எந்த லாயம் பழகுநரை ஏற்கின்றது, சம்பளம் எவ்வளவு, உடன்படிக்கை எத்தகையது என்பவற்றை விசாரித்துச் சங்கச் செயலாளருக்கு எழுதி அனுப்புவாராக.